பச்சைக்குத் திரும்பிய அட்டை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்கு நான் பொறுப்பாளர். அதற்கு முன் செங்கல்பட்டில் நர்சாக இருந்தேன். வார்டில் என் குரல் கேட்டாலே நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். இங்கே அந்தக் குரல் எடுபடவில்லை. "ஏம்மா கத்துற, எங்களுக்குக் காது நல்லாத்தான் கீது" என்று எண்பது வயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

வந்த புதிதில் நான் கொண்டுவந்த ஏற்பாடுதான் அட்டை. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. படுக்கப் போகும்போது சிவப்பு, காலையில் எழுந்ததும் பச்சை. ஏழு மணிக்கு நான் சுற்றி வருவேன். சிவப்பாக இருக்கிற கதவைத் தட்டுவேன். பதில் வராவிட்டால் மாற்றுச் சாவியால் திறப்பேன். பெற்றோரை இங்கே சேர்த்த பிள்ளைகள் எல்லாரும் இதைப் பாராட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் யாரும் பாராட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடல் பக்க வரிசையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. சமைத்து வைத்து, பிள்ளையைக் கிளப்பி, பஸ் பிடித்துப் பள்ளிக்கு ஓடுவதற்காக வேலைக்காலம் முழுக்க நாலு மணிக்கு எழுந்தவர். "இப்பவாவது ஒம்பது வரைக்கும் தூங்க வுடும்மா. தெனம் ஏழு மணிக்குத் தட்டி, நான் செத்துட்டேனா பாக்கறியா?" என்று சண்டைக்கு வந்தார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நானும் விறைப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவருக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விடியற்காலை முதல் டிரிப் எடுத்தே பழகிய உடம்பு, நாலரைக்கு மேல் படுக்கையில் தங்காது. ஐந்தரைக்குக் கடற்கரைக்கு நடக்கக் கிளம்புவார். போகிற போக்கில் தன் அட்டையோடு டீச்சரம்மாவின் அட்டையையும் பச்சைக்குத் திருப்பிவிடுவார். டீச்சரம்மா உள்ளே நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். அவர் கையும் களவுமாக மாட்டினார். அட்டையைப் பிடித்த கையை எடுக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார். நான் அதட்டியிருக்க வேண்டும். அந்த முழி என்னைச் சிரிக்க வைத்துவிட்டது. சிரித்துக்கொண்டே நடந்தேன். தட்ட வேண்டிய கதவு ஒன்று குறைந்தது, தினமும் வாங்கும் திட்டும் குறைந்தது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், ஆறு மணி வாக்கில், தூக்கத்தின் நடுவில் எழுந்து போன டீச்சரம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். கதவில் பச்சை. ஏழு மணிக்கு அந்த வாசலைத் தாண்டிப் போனேன். பத்தரைக்குக் கூட்டிப் பெருக்க வந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். ஈரத் தரையில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஸ்டிரெச்சரில் ஏற்றும்போது, "கூப்பிட்டுக்கினேதான் இருந்தேன். வராந்தாவுல யாரோ நடந்து போனாங்க, அவங்களுக்குக் கேக்கல" என்றார். நடந்து போனது நான்தான்.

அவருடைய மகன் நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். வராந்தா கேமராவைப் போட்டுப் பார்த்ததில் டிரைவரின் கை தெரிந்துவிட்டது. என் அறையில் நாங்கள் மூன்று பேர். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள இவர் காலி பண்ணணும் மேடம். இல்லன்னா போலீசுக்குப் போவேன்" என்றார் மகன். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்படி நடக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

டிரைவர் ஒரு வினாடி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மேடத்துக்கு இன்னா சார் தெரியும்? நாந்தான் பண்ணிக்கினு இருந்தேன். தப்பு என்னுதுதான்" என்றார். கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டு ஹாலில், டிவியை நிறுத்தும்வரை படுக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்தவர். திரும்பிப் போனால் அதே ஹால்தான். அது தெரிந்தே அவரைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் திருப்பாமல் இருந்திருந்தால் ஏழு மணிக்கே தூக்கியிருப்பேன். சரி. ஆனால் தினமும் தட்டி எழுப்பியிருந்தால் டீச்சரம்மா என்றைக்கோ பெட்டியைக் கட்டியிருப்பார். பத்திரமாக வைத்திருப்பதா, நிம்மதியாக விடுவதா, எதற்கு எனக்குச் சம்பளம்? சாப்பிடும்போதும் இதே குழப்பம்தான். டிரைவர் காலையில், பூட்டிக் கிடந்த டீச்சரம்மா வீட்டு வாசலில் கொஞ்சம் நிற்பார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார். என்னைப் பார்த்தால் வழக்கம்போல வணக்கம் சொல்வார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டீச்சரம்மா வாக்கரோடு திரும்பி வந்தார். பக்கத்து வீட்டு வாசலில் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"திருப்பச் சொன்னதே நான்தானேம்மா. மொதல்ல நடுங்கிக்கினேதான் செய்வார். 'மேடம் பாத்தா தொலைச்சுடுவாங்க, நிறுத்திடலாம் டீச்சர்'னு தெனம் புலம்புவார். அப்பறம் ஒரு நாள் வந்து, 'மேடமே பாத்துட்டாங்க, சிரிச்சுக்கினு போய்ட்டாங்க, இனிமே கவலையில்லாம தூங்குங்க'ன்னாரு. நானும் நீ ஒத்துக்கினன்னுதான் நெனைச்சேன்" என்றார்.

பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "என் பையன்கிட்ட நீ இன்னா சொன்ன?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்குப் போய் மகனுக்குப் போன் போட்டேன். அன்றைக்குத் தெரியாது என்று சொன்னது பொய், நான் என் கண்ணால் பார்த்தேன், சிரித்தேன், விட்டுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவருக்குப் பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி மேடம், அவர் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "நீங்க எப்ப காலி பண்றீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தேதி கேட்பது போலத்தான் கேட்டார்.