கஜீவன் எழுதாமல் விட்ட மருந்து

கஜீவன் 2019 மார்ச் 3 முதல் சிட்னியின் கிரவீனில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். வயது நாற்பத்தொன்று. 2012இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் ஓராண்டும் இரண்டு மாதமும் இருந்தார். ஊரில் தன்னை ஏழு நாள் பிடித்து வைத்திருந்தார்கள் என்று அகதி விண்ணப்பத்தின் முதல் விசாரணையில் சொன்னார். அடுத்ததில் ஒன்பது நாள் என்றார். அந்த இரண்டு நாளைக் காட்டியே விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். நிரந்தர விசா 2024 பெப்ரவரியில்தான் கிடைத்தது.

மனைவி மிருணாளினியும் மகள் ராகவியும் வவுனியாவில் இருக்கிறார்கள். இவர் புறப்பட்டபோது மகளுக்கு ஐந்து மாதம். சென்ற ஆண்டு அவர்களுக்கும் விசா வந்தது. இந்த ஆண்டு டிசம்பர் 14க்கு முன் வந்து இறங்க வேண்டும். பின்னறையில் ஒரு கட்டிலுக்கு மேல் போட இடமில்லை. தனி வீட்டுக்கு வாடகை முகவர்கள் நிரந்தர வேலைக் கடிதம் கேட்டார்கள். கோழித் தொழிற்சாலையில் நாள்வேலை செய்பவரிடம் அது ஏது?

ஆகஸ்டில் ரயில்பாதை பராமரிக்கும் நிறுவனமொன்று அவரை நிரந்தர வேலைக்கு எடுக்கச் சம்மதித்தது. செப்டம்பர் 4, வியாழக்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை. அதில் தேறினால் போதும்.

அவர் போதைப்பொருள் எதையும் தொட்டவரல்லர். இடுப்புப் பக்கத்து நாரி நோவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த குளிசையில் கோடீன் என்ற அபின்வகை வலிமருந்து இருந்தது. பரிசோதனையில் அது தெரியும். படிவத்தில் மருந்துகளுக்கு ஒரு கட்டம் உண்டு, அதில் எழுதி மருத்துவரின் சீட்டைக் காட்டினால் போதும் என்று சொன்னேன்.

“எழுதிக் குடுத்தா அது அழியாது, அங்கிள். பிறகு எடுத்துவைச்சுக் கேப்பினம்,” என்றார்.

தொழிற்சாலைக் கூட்டாளி பிரதீப்குமாரின் பேச்சைக் கேட்டு, தன்னுடையதற்குப் பதிலாகக் கொடுக்கச் செயற்கைச் சிறுநீர்ப் போத்தல் ஒன்றை இணையத்தில் வாங்கினார். திங்களன்று அது வந்தது. அன்றே பிரதீப்குமார் தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார்: போலிகள் உலாவுகின்றன, பெட்டி அதேதான், உள்ளே சாயத் தண்ணீர். கஜீவன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. செவ்வாய் மாலை பெட்டியை என் முன்னால் வைத்தார்.

“சின்ன எழுத்தெல்லாம் வாசிக்கிற ஆள் நீங்கள்தானே. இது ஒறிஜினலோ?”

பெட்டியில் ஒரு தொகுதி எண், போத்தலில் வேறொன்று. போலி என்றேன்.

“மூத்திரத்திலயும் கள்ளச் சாமானோ?” என்று குசினியிலிருந்து என் மனைவி இராஜேஸ்வரி கேட்க, கஜீவனும் சிரித்துவிட்டார். போத்தலைக் கைகழுவும் பீலியில் ஊற்றினார். பிரச்சினை முடிந்ததென்று நினைத்தேன். படிவத்தைப் பற்றி மறுபடி கேட்காமல் விட்டது என் தவறு.

வியாழன் காலை தன் சிறுநீரையே கொடுத்தார். முதல்நாள் குளிசை போடாததால் எதுவும் தெரியாதென்று நம்பி, மருந்துக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். பத்தாம் தேதி முடிவு வந்தது: கோடீன். மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாராம்: குளிசை குற்றமில்லை, இல்லையென்று எழுதியதுதான் குற்றம், இனி வேலைக்கு எடுக்க முடியாது.

மறுநாள் அந்த நிறுவனத்துக்கு அவர் பெயரில் நான் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். சீட்டின் தேதி, மருத்துவரின் பெயர், அந்தப் பழைய இரண்டு நாள், எல்லாம் அதில் இருந்தன. அவர் இருமுறை வாசித்தார்.

“இதையும் ஃபைலில வைப்பினமோ?”

“ஓம், வைப்பினம். உண்மைதானே, கையெழுத்து வையும்.”

கடிதத்தை மடித்து என்னிடமே தந்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிறு இரவு பத்து மணிக்கு மிருணாளினி வீடியோவில் வந்தார். வீடு பார்த்தாயிற்றா, ராகவிக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முடிவு இன்னும் வரவில்லை என்றார் கஜீவன். அதை நம்பாமலோ என்னவோ, மிருணாளினி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“அங்கிள், உண்மையாவே ரிசல்ட் வரேல்லையோ?”

கஜீவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னும் வரேல்லை, பிள்ளை,” என்றேன்.