நிஷிவாக்கியின் இடது கை

நிஷிவாக்கிக்குத் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலை. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய், வாசலோரம் தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறவர். இடுப்பளவு பனி கிடந்தாலும் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். போன மாசம் இவ்வளவுதானே, இந்த மாசமும் அதையே போட்டுக்கலாமே என்று வீட்டுக்காரர்கள் இரங்கிச் சொன்னாலும் கேட்கிற ஜாதி இல்லை. மனுஷன் வாயை நம்பமாட்டார், மீட்டரைத்தான் நம்புவார். தனக்குக் காய்ச்சலா இல்லையா என்பதைக்கூடத் தெர்மாமீட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார் என்று அவர் மனைவி கிமியே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஜூலை வந்தால் பத்து நாள் லீவு போட்டுவிடுவார். உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டிக்கு நடுவர். பதினெட்டு வருஷமாகிறது. சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது. மதியம் ஒரு டப்பா சோறும் குளிர்ந்த பார்லி டீயும்தான். கொளுத்துகிற வெயிலில் முகத்துக்குக் கம்பி வலை, மார்புக்குப் பஞ்சுக் கவசம் மாட்டிக்கொண்டு, பந்து பிடிக்கிற பையனின் முதுகுக்குப் பின்னால் குந்தி நிற்பதில் அப்படி என்ன சுகம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இடது உள்ளங்கையில் எப்போதும் ஒரு சின்னக் கவுன்ட்டர் இருக்கும். அதன் சக்கரங்களைக் கட்டைவிரலால் திருப்ப வேண்டும். நல்ல எறியை மட்டைக்காரன் விட்டுவிட்டால் ஸ்ட்ரைக். மட்டை வீசித் தவறினாலும் அதுதான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். மட்டையோடு வருகிற ஒவ்வொரு பையனும் ஹெல்மெட்டைத் தொட்டு நடுவருக்கு வணக்கம் வைத்துக் குனிவான். இவரும் லேசாகத் தலை குனிவார். சக்கரங்கள் பூஜ்யத்துக்குப் போகும். புது ஆள், புதுக் கணக்கு.

அன்றைக்கு முதல் சுற்று. கடலோரத்துக் குரோஹாமா பள்ளிக்கும் மலைப்பக்கத்து மினேதாவுக்கும் ஆட்டம். குரோஹாமாவில் மொத்தமே பதினோரு பையன்கள். ஏழு வருஷமாக ஒரு ஆட்டம் ஜெயித்ததில்லை. எங்கள் கோடைப் போட்டியில் ஒரு தரம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசி வகுப்புப் பையன்களுக்கு அதோடு பள்ளிக்கூட பேஸ்பாலே முடிந்தது. ஒன்பதாவது ஆட்டப்பகுதியின் கடைசிப் பாதி. குரோஹாமா மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் நிற்கிறது. மினேதாவுக்கு ஏற்கெனவே இரண்டு அவுட். ஆனால் அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் முனைகளில் ஓடத் தயாராக நிற்கிறார்கள். வந்து சேர்ந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி. இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் குரோஹாமா ஜெயித்துவிடும்.

மினேதா பையன் அடித்த பந்து திரும்பி வந்து அவன் முழங்காலுக்குக் கீழேயே பட்டது. பையன் மண்ணில் சுருண்டுவிட்டான். மருந்து அடித்தார்கள், ஐஸ் வைத்தார்கள், ஐந்து நிமிஷம் போயிற்று. கடைசியில் இன்னொருவன் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பதிலாக ஒரு குட்டையான பையன் மட்டையோடு ஓடி வந்தான். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. மண்ணைத் தொடுகிற மாதிரி குனிந்து வணக்கம் வைத்தான். நிஷிவாக்கியும் குனிந்தார்.

அடுத்த எறி நட்ட நடுவில் வந்தது. பையன் மட்டையை அசைக்கவே இல்லை. “ஸ்ட்ரைக்” என்றார் நிஷிவாக்கி. சொன்னதுதான் தாமதம், பந்து பிடித்த குரோஹாமா பையன் ஹயாசே துள்ளி எழுந்தான். பந்து எறிந்தவன் இரண்டு கையையும் மேலே தூக்கினான். நிஷிவாக்கிக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் எதற்குக் குதிக்கிறார்கள்? கையைத் திறந்து பார்த்தார். ஸ்ட்ரைக் ஒன்று. தூரத்து ஸ்கோர் பலகையைப் பார்த்தார். அங்கேயும் ஸ்ட்ரைக்குக்கு ஒரே ஒரு மஞ்சள் விளக்கு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பயிற்சியாளர் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. கத்துவது, மண்ணை உதைப்பது எல்லாம் கிடையாது. கேப்டன் மட்டும் வந்து கேட்கலாம். ஹயாசேதான் கேப்டன். ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“சார், ஒரு சந்தேகம். இது மூணாவது இல்லையா?”

இரு தம்பி என்று சொல்லிவிட்டு மற்ற மூன்று நடுவர்களையும் கூப்பிட்டார். அங்கேதான் எல்லாம் குழம்பிப் போயிற்று. மூன்றாம் முனையில் நின்ற முராஓகா, டயர் கடைக்காரர், இரண்டு ஏற்கெனவே இருந்த மாதிரி ஞாபகம், ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன் என்றார். இன்னொருவர், அடிபட்ட பையன் ஆரம்பத்தில் மட்டையைப் பாதி வீசி நிறுத்தினானே, அதை ஸ்ட்ரைக் என்று கொடுத்தோமா இல்லையா என்று இவரையே திருப்பிக் கேட்டார். மூன்றாமவர் ஓடத் தயாராக நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கையை விரித்தார். நால்வரும் வெயிலில் திருதிருவென்று விழித்தார்கள். எந்தப் பந்து எப்போது வந்தது, ஐஸ் வைத்தது முன்னாலா பின்னாலா என்றுகூட நிஷிவாக்கிக்குத் தலைக்குள் நிற்கவில்லை.

மேலே பதிவறையில் ஒரு அம்மாள் ஒவ்வொரு எறியையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை! ஏன் என்றால், மைதானத்தில் நடந்ததை நடுவர்களே முடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. கையில் மீட்டர் வேறு இருந்தது. பலகையும் அதையே சொன்னது. இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும்போது பதினேழு வயசுப் பையன் சொல்வதையா கேட்பார்?

மைக்கை வாங்கி, எண்ணிக்கையைச் சரிபார்த்தோம், ஒரு ஸ்ட்ரைக், ஆட்டம் தொடரும் என்று அறிவித்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. ஹயாசே அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தான்.

“சரி சார். நன்றி சார்” என்று குனிந்தான்.

அவன் ஏதாவது முறைத்திருந்தால், முணங்கியிருந்தால் நிஷிவாக்கிக்குத் தெம்பாக இருந்திருக்கும். நன்றி என்று சொல்லிவிட்டானே. ஹயாசே எறிபவனிடம் ஓடிப்போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து குந்தினான். அடுத்த பந்தைக் குட்டைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி அடித்தான். அது ஆளில்லாத இடமாகப் பார்த்து விழுந்து உருண்டது. முனைகளில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். மினேதா நாலு, குரோஹாமா மூன்று. முடிந்தது.

இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக வந்து நின்றன. குரோஹாமா வரிசையில் பாதிப் பேர் தேம்பிக்கொண்டிருந்தார்கள். நிஷிவாக்கி முடிவைச் சொல்லி, வணக்கம் என்றார். பையன்கள் குனிந்தார்கள். இவரும் குனிந்தார்.

உள்ளங்கையில் டிக், டிக் என்றது.

குனிந்தவர் நிமிரவில்லை. கையைத் திறந்து பார்த்தார். எல்லாம் பூஜ்யம். யார் திருப்பச் சொன்னது? புது ஆள் யாரும் வரவில்லையே. குனிந்தால் திருப்பும், பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டைவிரலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் குட்டைப் பையன் வந்து குனிந்தது ஞாபகம் வந்தது. நடுவில் மாறி வருகிறவனுக்குப் பழைய கணக்குத்தான் தொடர வேண்டும். அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முடிவைச் சொல்லியாயிற்று, ஆட்டம் முடிந்த சைரனும் ஊதியாயிற்று. இனி யாராலும் மாற்ற முடியாது.

பதிவறைக்கு ஏறிப் போனார். அந்த அம்மாள் தாளைத் திருப்பிக் காட்டினாள். ஆள் மாறுவதற்கு முன்னாலேயே இரண்டு ஸ்ட்ரைக், தெளிவாக. ஆள் மாறியதும் பலகையில் விளக்கை அணைத்தது இன்னொரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு, அவளுக்கு இன்றைக்குத்தான் முதல் நாள் என்றாள். நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் பென்சிலோடு எழுந்து நின்றேன் என்றும் சொன்னாள்.

படிக்கட்டில் எதிர்ப்பட்ட முராஓகாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் வழி மறித்தார்.

“சொல்லாதீங்கண்ணே. சொன்னா மட்டும் திரும்ப ஆடவா விடப்போறாங்க? பசங்களுக்கு வயித்தெரிச்சல்தான் மிச்சம். உங்க மனசு ஆறணும்னு அவங்களைப் போட்டுப் படுத்தாதீங்க.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சொல்லாமல் விட்டால் திருட்டு, சொன்னால் கொடுமை. இரண்டு படி இறங்கினார், ஒரு படி ஏறினார். எந்த மீட்டரைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்வது? கால் என்னவோ குரோஹாமா பையன்கள் பை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே அவரைக் கொண்டுபோய் விட்டது.

ஹயாசே மட்டும் தள்ளி, சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் யாரும் அவன் பக்கம் போகவில்லை. இவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“தம்பி, அது மூணாவதுதான். ஆட்டம் அங்கேயே முடிஞ்சிருக்கணும், நீங்கதான் ஜெயிச்சீங்க. என் கை தப்புப் பண்ணிடுச்சு.”

திட்டுவான், அழுவான், அடிக்கக்கூட வரட்டும் என்று நின்றார்.

“அப்போ நான் எண்ணினது சரிதானா சார்?”

“சரிதான்.”

அதற்கப்புறம்தான் ஹயாசே நடந்ததைச் சொன்னான். நடுவர் நாலு பேரும் ஒன்று என்று சொன்னபிறகு தன் எண்ணிக்கைதான் தப்பு என்று நினைத்துவிட்டானாம். எறிபவனிடம் ஓடிப்போய், நான்தான் தப்பா எண்ணிக் குதிச்சு உன்னையும் குதிக்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்கோ என்றானாம். எறிபவனுக்கு அதற்குப் பிறகு குறி தப்பிவிட்டது. ஏழு வருஷம் கழித்து வந்த ஜெயத்தைக் கெடுத்தது கேப்டன்தான் என்று பத்துப் பேரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

“அவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

நிஷிவாக்கி அந்தப் பத்துப் பேருக்கும் முன்னால் போய் நின்று தொப்பியைக் கழற்றினார். கவுன்ட்டர் இன்னும் இடது கையில்தான் இருந்தது. அதை ஹயாசேயிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.