கமேலியாவின் காலடியில்

நிழலில் வளரும் செடிகள் எல்லாம் சாது என்று நான் நம்பியிருந்தேன். வெயிலுக்கு ஆசைப்படாதவை, கிடைத்ததை வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவை என்று ஒரு நினைப்பு. ஐம்பது தாண்டிய ஆள் இப்படி நம்பினால் யாரும் திருத்த வருவதில்லை. பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்கம் ஒரு காலத்தில் ரோஜா பூத்தது. எதிர் மனையில் நாலு மாடி எழும்பி வெயிலை மொத்தமாக விழுங்கிவிட்டது. கட்டியவன் மேல் இன்றும் எனக்குக் கோபம்தான். அவனுடைய கார் கண்ணாடியைப் பார்த்தாலே பல்லைக் கடிப்பேன். என் மனைவி பல்லைக் கடிக்கவில்லை. குன்னூரில் தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு கமேலியாக் கன்றை மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்து அந்த இருட்டில் நட்டாள். வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கிற, நிழலை விரும்பும் புதர். சில வருடம் வெறும் இலைதான். போன ஐப்பசியில் முதல்முறையாக மொட்டு விட்டது. அந்த வாரமே மகளுக்குப் பிரசவம் பார்க்க அவள் புணே போக வேண்டியதாயிற்று.

ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அது காலடியில எதையும் நட்டு வைக்காதீங்க. அதுக்கு வேர் மேலாகவே ஓடும். ஆசையா இருந்தா தள்ளிப் பெரணி வைங்க."

தலையாட்டினேன். ஆட்டோ திரும்பியதும் பார்த்தால், செடியைச் சுற்றி வட்டமாக வெறும் சருகு. என்னவோ முடிவெட்டி விட்ட இடம் மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, வெள்ளிக்கோடு போட்ட ஊதா இலைக் கொடி ஒரு கைப்பிடியை மதிலுக்கு மேலே நீட்டினார். எங்கள் தெருவில் மதில் தாண்டி வரும் செடியை வேண்டாம் என்பது கிறிஸ்துமஸ் கேக்கை வேண்டாம் என்பதற்குச் சமம். வாங்கி, நேராகக் காலடியிலேயே நட்டேன்.

சாதுவா அது? மழையில் ஓடியது பாருங்கள், சருகைக் காணோம், மண்ணைக் காணோம். அதோடு கமேலியாவின் மொட்டுகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. செடிக்குத் தாகம் என்று முடிவுகட்டி, மழை பெய்த மண்ணிலேயே காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்.

வீடியோ காலில் அவள், "மொட்டைக் காட்டுங்க" என்பாள். கடைசியில் மிஞ்சியிருந்த ஒரே மொட்டை நாலு பக்கத்திலிருந்தும் காட்டினேன்.

"நிறைய விட்டிருக்கு இல்ல?" என்றாள் சந்தோஷமாக.

"ஜாஸ்தி" என்றேன்.

மறுநாள் அதுவும் விழுந்து கிடந்தது. வந்ததே கோபம். எதிர் மாடி கட்டியவன் மேல், கொடி மேல், ஆன்ட்டி மேல், எல்லாவற்றையும் சேர்த்து மண்வெட்டியை எடுத்தேன். வெட்டிய வேகத்தில் லுங்கி அவிழ்ந்ததைக்கூட அப்புறம்தான் கவனித்தேன். நல்லவேளை, உள்ளே அரை டிராயர்.

மதிலுக்கு மேலே ஆன்ட்டியின் தலை. "ஏம்ப்பா, யாரு மேல இந்தப் போடு?"

"உங்க கொடி எங்க செடியக் கொல்லுது, ஆன்ட்டி. வேரோட எடுக்கிறேன்."

"எங்க வீட்ல எத்தனையோ வருஷமா தொட்டிக்குத் தொட்டி கிடக்குது. ஒண்ணையும் கொன்னதில்ல. கையில என்ன வெச்சிருக்கே, பாரு."

பார்த்தேன். கொடியின் வேர் வெள்ளையாக, நூல் மாதிரி, விரல் நீளம்கூட இல்லை. அதோடு சேர்ந்து வந்திருந்த கமேலியா வேர்கள் பழுப்பாக, தடியாக, வெட்டுப்பட்டு இருந்தன.

"பேஜாரு பண்ணாத, லுங்கிய எடுத்துக் கட்டு" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி உள்ளே போனார்.

மொட்டை உதிர்த்தது கொடி இல்லை, முதலில் மழை, அதற்கு மேல் நான் ஊற்றிய தண்ணீர். மண்வெட்டியைத் தொடாமல் தண்ணீரை மட்டும் நிறுத்தியிருந்தால் செடி பிழைத்திருக்கும் என்றாள் மனைவி, ஊர் திரும்பிய அன்று. அதற்குள் கமேலியா காய்ந்துவிட்டிருந்தது. அவளே அதைப் பிடுங்கினாள். கொஞ்சம்கூட இழுக்க வேண்டியிருக்கவில்லை.