வெறும் வயிறு கிடைக்காத நான்கு நாட்கள்

எனக்குள் வேலை செய்வது என் அக்காவின் சிறுநீரகம். மனைவியின் ரத்த வகை எனக்குச் சேரவில்லை, அக்காவுடையது சேர்ந்தது. திசுப் பரிசோதனையில் பாதிப் பொருத்தம் என்றார்கள். "பாதியே சாஸ்திங்க டாக்டர். சின்ன வயசுல இருந்து எனக்கும் இவனுக்கும் எதுலயும் பொருந்துனதில்லீங்க" என்றாள் அக்கா. ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. பீளமேட்டில் என் மோட்டார் உதிரிபாகக் கடையைத் தினமும் நானே திறக்கிறேன். குறை ஒன்றுமில்லை.

உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வேற்றாளாக நினைத்து எதிர்க்காமலிருக்க, காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் மாத்திரை போட வேண்டும். அதுவும் வெறும் வயிற்றில். சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் இதில் படு ஒழுங்கு. ஊருக்கெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒழுங்கு.

போன வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் கூட வராமல் பத்திரிகை வைத்தால் எங்கள் சொந்தத்தில் சில பெரியவர்களுக்கு முகம் சுண்டிவிடும். அதனால் அக்காவின் வீட்டுக்காரரோடு நானும் உடுமலைப்பேட்டைப் பக்கம் நான்கு நாள் அலைந்தேன். முதல் நாள் ஏழரைக்கு முதல் வீட்டில் காப்பி. வேண்டாம் என்றேன். "ஊட்டுக்கு வந்துபோட்டு வாய் நனைக்காமப் போனா எப்படிங்க?" என்று அந்த அம்மா வாசலை மறித்து நின்றார். குடித்தேன். ஒன்பதரைக்கு மாத்திரை என்று கணக்குப் போட்டேன். ஒன்பதுக்கு அடுத்த வீட்டில் இட்லி. பிறகு மோர், வாழைப்பழம், மறுபடியும் காப்பி. எந்த வீட்டிலும் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. கணக்கு மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

சாப்பிட்ட வயிற்றில் போடுவது தப்பு, ஆகவே காத்திருப்பதுதான் ஒழுங்கு என்று நம்பினேன். நான்கு நாளில் ஐந்து வேளை தவறிவிட்டது. வீட்டில் மனைவி கேட்டபோதெல்லாம் "ஆச்சு" என்றேன்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ். "வெறும் வயிறு நல்லதுதான். அதுக்காகப் போடாமலே விடுவாங்களா? சாப்பிட்டிருந்தாலும் போட்டிருக்கணும்" என்றார். எனக்குப் பயம் என் உயிரைப் பற்றி இல்லை. ஒருத்தி தன் உடம்பை அறுத்துக் கொடுத்ததை நான் காப்பிக்காகத் தொலைக்கப் பார்த்தேனே என்ற அவமானம் தின்றது.

அக்காவுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டாம் நாள் தூக்குப்போசியில் ரசம்சாதத்தோடு வந்து நின்றாள். மனைவி சொல்லியிருக்கிறாள்.

"எத்தனை வேளை?"

"அஞ்சுங்கக்கா."

அவள் திட்டவில்லை. சாதத்தைத் தட்டில் போட்டபடி, "ஏங்கண்ணு, அவிய குடுத்த காப்பிக்கு மருவாதி பண்ணுனீல்ல. நாங் குடுத்ததுக்கு?" என்றாள். நான் அழுதுவிட்டேன். "சரி, சாப்புடு. ஆறிப்போகுது" என்றாள்.

நல்லவேளை, அளவு இறங்கியது. சிறுநீரகம் தப்பித்தது.

கல்யாணத்தன்று காலை முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மேடையில் தாய்மாமனாகத் தலையில் உருமாலையும் கழுத்தில் மாலையுமாக நின்றிருந்தேன். மணி எட்டு. பட்டுச்சேலையில் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரோடு நேரே என்னிடம் வந்தாள். "ஏனுங்க, எல்லாருஞ் சித்த பொறுங்க. எந் தம்பி மாத்திரை போடோணும்."

"அக்கா, இப்பத்தான் சம்பந்தியூட்ல காப்பி குடிச்சேன்."

"பரவால்ல, போடு."

போட்டேன். அவள் நகரவில்லை. மேளக்காரர் கோலை நிறுத்திக்கொண்டு பார்த்தார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கினார்.

"வாயத் தொற" என்றாள்.

மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பத்தொரு வயதில், நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.