வெளியூர்த் தண்ணீர்

கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி நடக்கிறேன். காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. சாலையோர முந்திரித் தோப்பில், இறந்தவரைப் புதைத்த பழந்தாழி ஒன்றைத் தொல்லியல் துறையினர் தோண்டுகிறார்கள். அதிலிருந்த கரித்துண்டை ஒரு பெண் கைபடாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்கிறாள். காலத்தைக் கணிக்க அதுதான் போகுமாம்.

என்னைப் பார்த்ததும் வேலியருகே வந்து கற்பூரக் கட்டி ஒன்றையும் தீப்பெட்டியையும் நீட்டுகிறாள்.

“அண்ணே, இத ரோட்டுல ஏத்திட்டுப் போங்க. ஏத்தாம எலும்புல கை வைக்க மனசு வரல. போன தடவை குழிகிட்டயே ஏத்திட்டேன். புதுக் கரி கலந்தா வயசு தப்பாயிடும்னு சார் திட்டிட்டாரு.”

“தாழியில இருக்கறவரு உங்க ஊர் ஆள்தானே, நீங்களே சாயங்காலம் ஏத்தலாமே?”

“எங்க ஊரு இல்லிங்க. போன வருசமே இந்தத் தாழி மேலாப்புல கெடச்ச பல்லைச் சோதிச்சுட்டாங்க. சின்ன வயசுல குடிச்ச தண்ணி பல்லுல தங்கிடுமாம். இவரு வேற எங்கயோ குடிச்சு வளந்தவரு. நீங்க எந்த ஊரு?”

சிறுவயதில் பல ஊர்த் தண்ணீர் குடித்தவன் நான்.

“வெளியூருதான்” என்கிறேன்.

“அப்ப நீங்களே ஏத்துங்க.”

காற்றில் மூன்று தீக்குச்சிகள் அணைந்து, நான்காவதில் கற்பூரம் பற்றுகிறது. ஜெயங்கொண்டம் பஸ் வருகிறது. நான் கை காட்டவில்லை. எரிந்து முடியும்வரை நிற்கிறேன்.