துவக்கு நுனியில் ஒரு மூக்குத்திக் கல்

எனக்கு எழுத வராது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை முன்பின்னாக மாற்றிச் சொல்வதாக மகளும் குறை சொல்கிறாள். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் மகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தையும் மீறி அந்த வாசம் வந்தது. மற்றவர்களுக்கு அது மெஷின் எண்ணெய், எனக்குத் துவக்கு, அதுதான் துப்பாக்கி, துடைக்கிற எண்ணெய். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் குப்பியை அரிசிப் பானைக்குப் பக்கத்தில்தான் வைப்பார். சோற்றிலேயே வாசம் வருகிறது என்பேன். அவருக்கு அந்த வாசமே தெரியாது.

தொண்ணூறுகளில் அவர் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காவல்காரர். மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றி கிண்டிப்போடும். தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் வெள்ளைக்காரர் காலத்து ரெட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. லைசன்ஸ் துரை பேரில், தூக்கிக்கொண்டு திரிந்தது இவர். எண்ணெய் போட்டுத் துடைப்பது மட்டும் எங்கள் லயத்து வரிசை வீட்டில். தோளில் வைக்கும் கட்டை அவருக்குக் குட்டை என்று, பழைய டயர் ரப்பரை வெட்டி அதன் முனையில் ஆணி அடித்து வைத்திருந்தார். நீளமான ஆள்.

இரண்டு குழலுக்கும் நடுவில், நுனியில், குறி பார்க்க ஒரு சின்ன மணி இருக்கும். அது ஒருநாள் தேயிலைக்குள் விழுந்து காணாமல் போனது. பொழுது சாய்ந்தால் நுனி எங்கே என்று தெரியவில்லை என்று வந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பார்த்தது என்னை அல்ல, மூக்குத்தியை.

"ரெண்டு பக்கமும் எதுக்கு? ஒண்ண குடேன்."

"பன்னி பாக்கவா எங்கப்பா வாங்கிப் போட்டாரு?"

"ஒன் மூக்குல இருந்தா இருட்டுல யாரு பாக்குறா?"

இடது பக்கத்து வெள்ளைக்கல்லைக் கழற்றிக் கொடுத்தேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் பார்க்கிற பிட்டர் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, "ஒன் மூக்க புடிச்சிக்கிட்டுத்தான் சுடுறேன்" என்று லயம் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகவே கூசினேன்.

ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் மெஷின், கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். இவர் துவக்கையும் கொண்டுபோய் வைப்பார். விசைக்கு மேலே இருக்கிற இரும்புத் தகட்டில் சந்தனமும் குங்குமமும், வருசா வருசம் அதே இடத்தில். சாமிக்கு வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மலையில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். பொட்டு வைத்த இடமெல்லாம் துரு வட்டம் வட்டமாகத் தின்றுவிட்டது.

அவர் நெஞ்சுவலியில் போனார். மற்ற மூக்குத்தியைக் கருமாதியன்று கழற்றினார்கள். அது எங்கே போனதோ, நானும் கேட்கவில்லை.

பிறகு பங்களாவை வெளிநாட்டுக்காரர் தங்குகிற இடமாக்கினார்கள். புதிதாக வந்த துரை, துவக்கைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டார். அதன் பூர்வீகம் பார்க்கப் பதுளையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். இரும்புக்கடைக்காரர், பழைய துவக்கு என்றால் பைத்தியம். பாவித்தவர் வீட்டில் விவரம் கேட்க வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். கதவோரமாகப் போய் நின்றேன்.

நானா குழலைத் தனியாகக் கழற்றி, அடிப்பக்கத்தில் சாக்பீஸ் தூள் தேய்த்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கிரீடம் மாதிரி ஒரு முத்திரை தெரிந்தது. "இது குழல சோதிச்சு அடிச்ச முத்திர. செஞ்சவர்ட பேரு தகட்டுல ஈக்குது. முன்னுக்கு ரெண்டெழுத்து, பின்னுக்கு ரெண்டெழுத்து. நடுவுல பொட்டு."

"சுரண்டினா தெரியாதா?" என்றார் துரை.

"சுரண்டினா பேரும் போகும், பொட்டும் போகும்."

"அந்த ரப்பரையாவது எடுங்க. அசிங்கம்."

"வாணாம் சேர். கட்டைய அறுத்துக் குட்டையாக்கினது ஒரு வெள்ளைக்காரன், வெட்டின தடம் பாருங்க. ரப்பர் வெச்சு நீட்டினது இவங்கட மாப்பிள. ரெண்டு தடமும் போனா இது கடையில வித்த துவக்கு. ஒருத்தன்டயும் இல்ல." பிறகு நுனியைத் தடவினார். "இந்தக் கல்லு யார்ட, தங்கச்சி?"

 "என்னோடதுங்க" என்றேன்.

துரை நல்ல மனுசர். "அப்ப ஒனக்கே குடுத்துறணும். கழட்டுங்க நானா," என்றார். நானாவும், உடைமைக்காரி கேட்டால் மறுக்க முடியாது என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, குறட்டைக் கையில் எடுத்தார்.

"அங்கயே இருக்கட்டுங்க," என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "கழட்டினா நான் போடவும் முடியாது, அவரு பாக்கவும் முடியாது."

நானா குறட்டைக் கீழே வைத்தார். துரை ஜன்னல் பக்கம் திரும்பி, "சரி, விடுங்க," என்றார். எனக்கு டீ கொடுத்தார்கள். நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்த லயம் இல்லை, மண் சரியும் என்று உடைத்துவிட்டார்கள். ஆயுத பூசை நடந்த ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது. பங்களா கை மாறிவிட்டது. துவக்கு கொழும்புக்குப் போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார், சுவரிலேயே இருக்கிறது என்று இன்னொருவர். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்து, நான் எழுதியது சரிதானா என்று சொல்ல வேண்டும். பொட்டு தகட்டின் இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. முக்கியமாக நுனியைப் பாருங்கள். கல் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். ஈயம் வைத்த தடமாவது இருக்கும்.