கிணறு முடிந்தபின் போன புத்தகம்

என் தூசித் துணியில் ஏறிய மஞ்சள் கறை கடைசிவரை போகவில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. என் பேரைத் தவிர வேறெதுவும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் புத்தகத்தை ஆட்கள் தொடுகிறார்கள், எது தூங்குகிறது என்பது நூலகர் ஐயாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தை யாராவது எடுத்துப் போனால் முத்திரை விழும் தேதிச் சீட்டை அவர் பார்ப்பார். நான் தூசியைப் பார்ப்பேன்.

ஒரு வருஷம் அலமாரிகள் நிரம்பிவிட்டன. யாரும் எடுத்துப் போகாத புத்தகங்களை வெளியூர்க் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு, அங்கே மிஞ்சியதில் நமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வதென்று ஐயா ஏற்பாடு செய்தார். சீட்டில் முத்திரை விழாதவற்றை ஒதுக்கி அடுக்கினார். கிணறு கட்டும் படங்கள் போட்ட தடித்த இங்கிலீஷ் புத்தகமும் அதில் சேர்ந்தது.

"ஐயா, அதை ஆரோ தெனமும் எடுக்கறாங்க. அதுல தூசியே ஒட்டறதில்லீங்க."

"ஒரு முத்திரைகூட இல்லியே. பேயா வந்து படிக்குது?"

"பேய்க்கும் கெணறு வேணுமாட்ட இருக்குதுங்க."

சிரித்துவிட்டு, சனிக்கிழமை வண்டி வரும்வரை அதை அலமாரியிலேயே வைக்கச் சொன்னார். யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அட்டையில் மஞ்சள்பொடியைத் தேய்த்து வைத்தேன். மத்தியானம் எல்லோர் கையையும் நோட்டம் விட்டேன். "கைரேகை பாக்கறியா?" என்று ஒரு வாத்தியார் முறைத்தார். பிறகு மணி அடித்தது. வெளியே வந்து பார்த்தால், மணிக்கயிறு மஞ்சளாக இருந்தது.

மணி அடிப்பவர் பனமரத்துப்பட்டிப் பக்கத்துக் காட்டுக்காரர், கொஞ்சம் நிலம் வைத்து வெள்ளாமை செய்பவர். மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும்தான் புத்தகம் தருவார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அலமாரி மறைவில் நின்று படம் பார்த்திருக்கிறார்.

"மழையில எங்க கெணறு சரிஞ்சு போச்சு சாமி. இதைப் பாத்துத்தான் ஞாயித்துக்கெழமைல கல்லு கட்டறேன். பாதி ஏறியிருக்குது. ஐயாகிட்டச் சொல்லிப்போடாதே, வேலை போயிரும்."

சொல்லாமல் இருப்பேனா? ஐயா முதலில் மஞ்சளுக்காக என்னைத் திட்டினார். அப்புறம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வெளியூருக்குக் கடிதம் எழுதினார்: இந்த ஒன்று மட்டும் கிணறு முடிந்தபின் வரும். அதற்குப்பின் எந்தப் புத்தகத்தை ஒதுக்கும் முன்பும் என்னைக் கூப்பிட்டு, "உன் சீட்டு என்ன சொல்லுது?" என்பார்.

கோடையில் மணிக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை ஐயாவின் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஐயா குடித்துவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துக் கட்டச் சொன்னார். நான் அட்டையைத் துடைத்தேன். பாதி மஞ்சள் துணிக்கு வந்தது, பாதி வெளியூருக்குப் போனது.

இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் புத்தக அலமாரியில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் முகம் சுருங்குகிறது. என்ன செய்ய, எனக்கு வாசிக்கத் தெரிந்தது அவ்வளவுதான்.